வெல்கந்தையில் கைதான சாரைப்பாம்பு

இருளப்பனைக் கொன்றது பாம்புதான் என்று வெல்கந்தைத் தேயிலைத் தோட்டம் ஒரே குரலில் முடிவு செய்த கையோடு, குற்றவாளியையும் பிடித்துவிட்டார்கள். நல்ல நீளமான ஒரு சாரைப்பாம்பு. இருளப்பன் செத்துக் கிடந்த கித்துள் மரத்தடிப் பக்கம் எலி தேடிப் போன பாவத்துக்கு, அதைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, பிரேதத்தோடு ஒரே டிராக்டரில் ஏற்றித் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தார்கள். கொடகவெலப் பொலிசிலிருந்து வந்த விமலதாச சார்ஜன் சாக்கைப் பூட்ஸ் காலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். உள்ளே நெளிந்தது. அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

சுகந்தினி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். தோட்டச் சந்தியில் கம்யூனிகேஷன் கடை வைத்திருப்பவள் அவள். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து போட்ட கடை. இரண்டு தொலைபேசிக் கூண்டு, ஒரு போட்டோகொப்பி மிசின், சர்பத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ். தோட்டத்துக் காவல்காரரான இருளப்பன் ஞாயிறு தவறாமல் அந்தக் கடை வாங்குப் பலகையில் வந்து உட்காருவார். லெபனானில் வேலை செய்யும் மகள் ஜீவராணி அங்கேதான் தொலைபேசியில் அப்பாவுக்கு கோல் எடுப்பாள். கோல் வரும்வரை அவர் தொரையைப் போல நடந்து காட்டுவார், கங்காணியைப் போல இருமிக் காட்டுவார். சுகந்தினிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அந்த மனிதர் இப்போது இடுப்பில் ஈரச் சாரத்தோடு பலகையில் கிடந்தார். வாயோரம் நுரை காய்ந்திருந்தது.

"மகளே இல்லாத நேரத்தில இப்பிடிப் போய்ட்டாரேம்மா," என்றார் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை கிருஷ்ணகுமார். டிராக்டரை ஏற்பாடு செய்தவர் அவர்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுகந்தினியின் அம்மா இலட்சுமிக்கு, இவரை மருமகனாக்கிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அவருடைய ஹொண்டா மோட்டர் சைக்கிள் சந்தியில் நின்றால் போதும், தங்கக் கரை போட்ட கிளாஸில் தேத்தண்ணி வந்துவிடும். சுகந்தினியும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பிரேதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஜதீஸ்வரன் நிமிர்ந்தார். டிஸ்பென்சரிக்குப் பொறுப்பானவர் அவர். தோட்டத்து ஆட்களுக்கு டொக்டரையா. சமாதான ஒப்பந்தம் வந்து பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலிருந்து இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தவர். சட்டையில் மேல் பட்டன்வரை போட்டிருப்பார். அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடப்பார். அவர் பேசும் தமிழ் லயத்து ஆட்களுக்குப் பாதி விளங்கும். அவர் பேசும் சிங்களம் ஒருவருக்கும் விளங்காது.

அவர் சார்ஜனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக யோசித்து, "மேக்க நோனா நெமெயி," என்றார்.

சார்ஜனின் புருவம் ஏறியது. இது பெண்பிள்ளை இல்லை என்கிறாரே! "கவுத ஏ நோனா?" எந்தப் பெண்பிள்ளை என்று கேட்டுக்கொண்டே சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

பிரேதம் கிடப்பதையும் மறந்து சுகந்தினிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். "டொக்டரையா, பாம்புக்கு 'நயா'ங்க. நீங்க சொன்னது அம்மணிமாரை!"

ஜதீஸ்வரனின் காது சிவந்துபோனது. "அப்ப நீங்களே சொல்லுங்கோ. இது பாம்பு கடிச்ச சாவில்லை. புடையன் பாம்பு கடிச்சால் கால் பெருசா வீங்கும். இங்கை வீக்கமே இல்லை. கால்லை இருக்கிற ரெண்டு ஓட்டையிலையும் துரு ஒட்டியிருக்கு. பாம்பின்ரை பல்லு துருப் பிடிக்கிறேல்லை. கண்மணி ரெண்டும் ஊசிமுனை மாதிரிச் சுருங்கிப் போச்சு. வாயிலை பூச்சிமருந்து மணக்குது. ஆரோ குடுத்திருக்கினம்."

அவர் சொன்னது அவ்வளவுதான். சுகந்தினி அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்க மூன்று மடங்கு நேரமானது. இதை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பாவிட்டால் டொக்டரையா மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதுவார், மகள் லெபனானிலிருந்து வந்து ஸ்டேஷன் வாசலில் உட்காருவாள், சாரைப்பாம்பு யாரையும் கொன்றதாக எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை என்று தன் பங்குக்கும் சேர்த்தாள். சார்ஜன் பெருமூச்சு விட்டுப் பிரேதத்தை அனுப்பச் சம்மதித்தார். ஆனால் சாக்கை மட்டும் விடவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"நான் முறைப்பாடு எழுதுவன் எண்டு சொல்லேல்லையே," என்றார் ஜதீஸ்வரன்.

"எழுதுவீங்கல்ல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எழுதுவன்."

ஞாயிறு காலை கடையில் தொலைபேசி மணி அடித்ததும் சுகந்தினி ரிசீவரை எடுத்தாள். அந்தப் பக்கம் ஜீவராணி, "அக்கா, அப்பா வந்துட்டாரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சொல்லாமல் முடியாது. சொன்னாள். கடல் கடந்து அந்த அழுகை வந்த நேரமெல்லாம் வாயர் சுருளை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். கடைசியில் ஜீவராணி, "பாம்பாக்கா? எங்கப்பா சின்னப் புள்ளையில இருந்து காட்டுல திரிஞ்சவரு. பாம்பு மிதிக்கிற ஆளா?" என்று கேட்டாள்.

"இல்லடி. யாரோ செஞ்சிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிச்சு நானே உனக்குச் சொல்றேன்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், எப்படிக் கண்டுபிடிப்பது என்று யோசித்தாள். கடையைப் பூட்டிக்கொண்டு நேரே டிஸ்பென்சரிக்குப் போனாள்.

ஜதீஸ்வரன் மறுப்பார் என்று நினைத்தாள். அவரோ காலுக்குச் சவர்க்காரம் பூசத் தொடங்கினார். "நானும் அந்த இடத்தைப் பாக்க வேணுமெண்டுதான் இருந்தனான். தனியப் போகப் பயம். மற்றபடி ஒண்டுமில்லை."

கித்துள் மரம் தோட்டத்து எல்லையில், ஓடைக்கு மேலே நின்றது. முள்ளுக்கம்பி வேலி பழசு. கம்பியைக் கட்டையில் பிடித்து வைக்கும் வளைந்த ஆணிகள் கீழே உதிர்ந்து கிடந்தன. ஜதீஸ்வரன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். இரண்டு கூர், இரண்டிலும் துரு. "இதுதான் பாம்பு," என்றார்.

சுகந்தினி புதர்ப் பற்றைக்குள் கையை விட்டு இரண்டு சிரட்டைகளை எடுத்தாள். "இதப் பாருங்க. ரெண்டு பேரு உட்கார்ந்து கள்ளு குடிச்சிருக்காங்க. இருளப்பன் மாமா தனியா குடிச்சா கள்ளு முட்டியோட குடிக்கிற ஆளு."

அவர் இரண்டையும் மோந்தார். ஒன்றில் புளித்த கித்துள் கள்ளு வாசம். மற்றதில் அதையும் மீறிக்கொண்டு, கொழுந்து மலையில் பூச்சிமருந்து அடிக்கிற நாற்றம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூட இருந்து சிரித்துக் குடித்தவனே கொன்றிருக்கிறான். ஜதீஸ்வரன் சிரட்டைகளைத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் பக்குவமாகச் சுற்றியபோது, இந்த மனிதருக்கு அழகான விரல்கள் என்று சுகந்தினிக்குத் தோன்றியது. எந்த நேரத்தில் என்ன நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அவள் மெதுவாக, "ஒன்னு சொல்லணும். எங் கடைக் கூண்டு வெறும் பலகைதாங்க. உள்ள பேசுறது எனக்குக் கேக்கும். கேக்கணும்னு கேக்கிறதில்ல," என்றாள்.

"என்ன கேட்டது?"

"சாகுறதுக்கு மொத நாளு மாமா இரத்தினபுரிக்கு கோல் எடுத்தாரு. முக்தார் முதலாளின்னு ஒருத்தருக்கு. ஓடையில நீலமா ஒன்னு கிடைச்சிருக்கு, கொண்டாந்து காட்டுறேன்னு சொன்னாரு."

அடுத்த நாள் இருவரும் இரத்தினபுரி பஸ்ஸில் ஏறினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவர் மடியில் குடையை நிறுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். பெல்மதுளை வருவதற்குள் அவளுடைய குவைத் கதை முழுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அம்மா இருக்கிறார், பஸ்ஸில் தலை சுற்றும் என்பவை மட்டுமே.

முக்தார் முதலாளி வெள்ளைத் தொப்பியும் தொந்தியுமாகக் கல் கடைக்குள் உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்கோ, இரிங்கோ. மாப்பிள்ளையும் பொண்ணும் மோதிரக் கல்லு பார்க்கவா வந்தீங்க?" என்றார்.

"ஐயோ, இல்லீங்க!" என்றாள் சுகந்தினி. ஜதீஸ்வரன் குடையின் பிடியைத் துடைத்தார்.

விஷயத்தைக் கேட்டதும் முதலாளியின் முகம் மாறியது. "அல்லாவே. அந்த மனிசன் மௌத்தா? எனக்கு கோல் எடுத்தது மெய்தான். வெள்ளிக்கிழமை வாறேன், தோட்டத்து ஆள் ஒருத்தர் கூட்டிக்கிட்டு வாறார்னு சொன்னார். யாரும் வரல்ல. அந்தக் கல்லு இந்தப் பஜாருக்கு வந்திருந்தா என் காதுக்கு எட்டாம இராது. அது இன்னமும் வெளியில வரல்ல மகள்."

"அப்ப கொலைகாரனுக்கும் கல்லுக் கிடைக்கேல்லை," என்றார் ஜதீஸ்வரன்.

"தேடிக்கிட்டிருக்கான்!" என்றாள் சுகந்தினி. இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது அப்போதுதான். முக்தார் முதலாளி ஒரு டப்பாவைக் கிளறி, காசுக்கு உதவாத நீலக் கண்ணாடிக் கல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "தெரியாதவன் கண்ணுக்கு இது போதும். ஆளைப் புடிச்சிட்டு வந்து சேதி செல்லுங்கோ. மோதிரம் நான் செஞ்சு தாரேன்."

பஸ்ஸை விட்டிறங்கியதும் இருவரும் நேரே கொடகவெல ஸ்டேஷனுக்குப் போனார்கள். விமலதாச சார்ஜன் மேசையில் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கும் சேதி வந்திருந்தது: பூச்சிமருந்து. மூலையில் சாக்கு இருந்தது. "இதை இப்ப என்ன செய்யிறது? தினமும் ஒரு முட்டை கேட்குது," என்றார் சிங்களத்தில். சுகந்தினி அவரையே கூட்டிக்கொண்டு போய், ஸ்டேஷனுக்குப் பின்னால் வயலில் சாக்கை அவிழ்த்துவிட வைத்தாள். சாரை ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வரப்போடு ஓடி மறைந்தது. மனம் லேசான சார்ஜன், சிரட்டைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இவர்கள் சொன்ன திட்டத்துக்கு உடனே சம்மதித்தார்.

மறுநாள் கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் சந்தியில் கூடிய நேரம், ஜதீஸ்வரன் கடைக்குள் வந்தார். முகம் பரீட்சைக்கு வந்த பிள்ளையின் முகம் போல இருந்தது. கூண்டுக்குள் போய், இலக்கம் ஒன்றும் சுற்றாமல், ரிசீவரைக் காதில் வைத்து உரத்த குரலில் தொடங்கினார்.

"ஹலோ! முக்தார் முதலாளியோ?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். வெறும் போனில் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது சுகந்தினிக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. பலகையில் முழங்கையால் இடித்தாள். "ஓமோம்! இருளப்பன்ரை சாரக் கரைத் தையலுக்குள்ளை ஒரு நீலக் கல்லு இருந்தது! என்ரை மேசை லாச்சியிலை வைச்சிருக்கிறன்! நாளைக்குப் பொலிசிலை குடுக்கப் போறன்! ஓம், லாச்சியிலை! இடப்பக்கத்து லாச்சி!"

சர்பத் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். இனி இந்தச் சேதிக்கு வேறு வாகனம் தேவையில்லை.

அன்று மாலை, வெயில் சாயாத நேரம். டிஸ்பென்சரியின் உள்ளறையில் பிரசவக் கட்டிலை மறைத்திருந்த பச்சைத் திரைக்குப் பின்னால் சார்ஜனும் சுகந்தினியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே மோட்டர் சைக்கிள் நின்ற சத்தம். சுகந்தினிக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். வேறு யாராவது இரவல் வாங்கி வந்திருக்கக்கூடாதா என்று மனம் கெஞ்சியது.

"டொக்டரையா, காலையிலேருந்து வயித்து வலிங்க. தாங்க முடியல," என்றது கிருஷ்ணகுமாரின் குரல்.

அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் நினைவுக்கு வந்தன. பூச்சிமருந்து ஸ்டோர் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். பிரேதம் போன மறுநாளே கடைக்கு வந்து, மாமா எதாவது பொருள் விட்டுட்டுப் போனாரா, பத்திரமா மகளுக்கு அனுப்பணும் என்று கேட்டார். எவ்வளவு நல்ல மனசு என்று அப்போது அவள் நினைத்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம்தான் முந்தியது.

"நாக்கை நீட்டுங்கோ," என்றார் ஜதீஸ்வரன். "ம். நல்ல மோசமான நாக்கு. இருங்கோ, மருந்து கலந்துகொண்டு வாறன்."

அவர் பின்பக்கம் போனதும் லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது. சார்ஜன், பிடி பிடி என்று சிங்களத்தில், "அல்லபியவ்!" எனக் கத்திக்கொண்டு பாய்ந்தார். திரை அவரோடு பாய்ந்தது. பச்சைத் துணிக்குள் சுருண்டு அவர் கீழே விழ, கிருஷ்ணகுமார் கல்லைக் கையில் பொத்திக்கொண்டு வாசலால் ஓடினார்.

யாரும் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. மருந்துப் போத்தலோடு பின்பக்கமாகச் சுற்றி வந்த ஜதீஸ்வரன், போத்தலை எறிந்துவிட்டு, கணக்கப்பிள்ளையின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அடித்தாலும் விடவில்லை, இழுத்தாலும் விடவில்லை. இருவரும் உருண்டு, தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு, தண்ணீர்க் கான் வாய்க்காலுக்குள் விழுந்தார்கள். சுகந்தினி கைக்குக் கிடைத்த எனாமல் பேசினைத் தூக்கிக்கொண்டு ஓடி, கிருஷ்ணகுமாரின் தலையில் ஒரே போடு போட்டாள். "எங் கடையில தேத்தண்ணியா குடிச்ச, தேத்தண்ணி!"

சார்ஜன் திரையை உதறிக்கொண்டு வந்து விலங்கு மாட்டினார். ஆஸ்பத்திரி என்ன சொல்லிவிட்டது என்பதையும், சிரட்டை இரண்டும் தன் கையில் இருப்பதையும் சொன்னார். கிருஷ்ணகுமார் சேற்றுக்குள் உட்கார்ந்தபடியே உடைந்துபோனார். இருளப்பன் அவரை நம்பி, மோட்டர் சைக்கிளில் இரத்தினபுரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கல்லைக் காட்டியிருக்கிறார். கண்டதும் ஆசை பிடித்துவிட்டது. கள்ளில் மருந்தைக் கலந்து கொடுத்துவிட்டு மடியைத் தடவினால் கல் இல்லை. வேலியாணியை எடுத்துக் காலில் குத்திப் பாம்பின் மேல் பழியைப் போட்டார்.

ஜீப் போன பிறகு, ஜதீஸ்வரன் டிஸ்பென்சரிப் படியில் உட்கார்ந்தார். சட்டையில் ஒரு பட்டன்கூட மிஞ்சவில்லை. தன் காலைப் பார்த்தவர் அப்படியே வெளிறிப்போனார். முழங்கால்வரை அட்டை.

"அங்க பாக்காதீங்க. என்னயப் பாருங்க," என்றாள் சுகந்தினி. தேசிக்காயை வெட்டி, அந்தப் புளிச்சாறால் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தாள். அவர் சொன்னபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். கடைசி அட்டையும் விழுந்த பிறகும் பார்வை திரும்பவில்லை.

"முடிஞ்சிருச்சுங்க," என்றாள்.

"தெரியும்," என்றார் அவர். சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பு வரும் என்று வெல்கந்தையில் முதன்முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான்.

கல் அந்த வாரமே வெளிவந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி, பூத்தட்டைக் கழுவும்போது கண்ணில் பட்ட ஒரு நீலக் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் அம்மன் காலடியில் இருக்கட்டும் என்று இருளப்பன் கொடுத்தது; ஏதோ நேர்த்திக் கல் என்று எண்ணி அவரும் பூவுக்கடியில் போட்டு வைத்திருந்தார். ஜீவராணி லெபனானிலிருந்து வந்தாள். அப்பாவின் குழிமேட்டில் அழுது முடித்தாள். சட்டப்படி செய்ய வேண்டியதை எல்லாம் முக்தார் முதலாளி கூடவே இருந்து செய்து கொடுக்க, கல் அவள் பெயருக்கே வந்தது. இனி வெளிநாட்டுக்குப் போவதில்லை என்று கொடகவெல டவுனில் தையல் கடைக்கு இடம் பார்த்தாள். இலட்சுமி, "நல்லவேளை, நான் ஜாதகம் குடுக்கல," என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தங்கக் கரை கிளாஸை மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

வழக்கு இரத்தினபுரி கோர்ட்டில் எடுக்கப்பட்ட அன்று, சாட்சி சொல்ல இருவரும் காலைப் பஸ்ஸில் ஏறினார்கள். இந்தத் தடவை பேசியவர் அவர்.

"அம்மாவோடை கதைச்சனான். பொம்பிளை எந்த ஊரெண்டு கேட்டா."

சுகந்தினி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரப்பர் மரங்கள் பின்னால் ஓடின. "எந்தப் பொம்பளையாம்?"

"அதையும் சொன்னனான். வாய் ஓயாது, சிங்களம் நல்லா வரும், கோவம் வந்தால் எனாமல் பேசினாலை அடிக்கும் எண்டு."

"ஐயையோ! இதையா சொன்னீங்க? என்னா நெனைப்பாங்க உங்கம்மா?"

"தனக்குப் பிடிச்சிருக்காம்." அவர் மடியிலிருந்த குடையைக் காலுக்கடியில் வைத்தார். "எனக்கு முதலே பிடிச்சுப் போச்சு. உங்களுக்குப் பிடிக்காட்டில் சொல்லுங்கோ, நான் பெல்மதுளையிலை இறங்கி அடுத்த பஸ்ஸிலை வாறன்."

பெல்மதுளையில் பஸ் நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். கொண்டக்டர், "பஹினவாத மாத்தயா?" என்று ஜதீஸ்வரனைக் கேட்டான். அவர் சுகந்தினியைப் பார்த்தார்.

"இவரு இறங்கல," என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள். பிறகு பழ வியாபாரி ஒருவன் ஜன்னலில் நீட்டிய ரம்புட்டான் பையை வாங்கி, முதல் பழத்தை உரித்து அவர் கையில் வைத்தாள்.

"தலை சுத்தும்னீங்கல்ல. சாப்பிடுங்க. கோர்ட்டுல ஒழுங்கா சாட்சி சொல்லணும்."

"எந்த மொழியிலை?"

"தமிழ்லயே சொல்லுங்க," என்றாள் அவள். "மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."